கேம் வழியாகக் கணினிப் பாதுகாப்பு கற்பது: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

தனியாக ஆடும் கேம் ஒன்றில் தோட்டா தீர்ந்துபோய் எதிரி முன்னால் நிற்கும்போது, ‘இந்தத் தோட்டா எண்ணிக்கை கணினிக்குள்ளே எங்கோ ஓரிடத்தில்தானே எழுதியிருக்கும், அதை நானே மாற்றிவிட்டால் என்ன’ என்று உங்களுக்குத் தோன்றியிருந்தால் இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான்.

பாதுகாப்புத் துறைக்குள் வர ஆசைப்படுகிறவர்களைப் பெரும்பாலும் சான்றிதழ் வகுப்புக்கு அனுப்புகிறார்கள், இல்லையென்றால் பாதுகாப்புச் சோதனைக் கருவிகளோடு வரும் காளி லினக்ஸ் என்ற இயங்குதளத்தை நிறுவச் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். அதிலிருக்கும் கருவிகளின் பெயரெல்லாம் மனப்பாடம் ஆகிவிடும், ஆனால் ஒரு நிரல் ஓடும்போது உள்ளே என்ன நடக்கிறது என்பது மட்டும் புரியாமலே நிற்கும். என் கருத்தில் தொடக்கத்துக்குக் கேம்தான் நல்ல இடம். அது உங்கள் கணினியில் ஓடுகிறது, யாருடைய சொத்தையும் நீங்கள் தொடவில்லை, ஒரு எண்ணை மாற்றினால் அடுத்த நொடியே திரையில் தெரிகிறது, எல்லாவற்றுக்கும் மேலாக அந்தக் கேம் எப்படி நடந்துகொள்ளும் என்பது உங்களுக்கு ஏற்கெனவே அத்துப்படி. கீழே வரும் ஒவ்வொரு படியிலும் ஒரு கேள்வியை விடாமல் கேட்டுக்கொண்டே இருங்கள்: இந்த மதிப்பு யார் கையில் இருக்கிறது, அதைச் சரிபார்க்கிறவர் யார்?

முதலில் உங்கள் கணக்கு

ஹேக் கற்றுக்கொள்ள வருகிறவர்கள்தான் முதலில் மாட்டுகிறார்கள். ‘ஃப்ரீ ஃபயர் டைமண்ட் இலவசம்’, ‘பிஜிஎம்ஐ யூசி ஹேக்’ என்று யூடியூப் வீடியோவுக்குக் கீழே இருக்கும் சுட்டிகளைத் தேடிப் போகிற ஆள் யார் என்று யோசித்துப் பாருங்கள், ஆர்வமும் அவசரமும் உள்ள பையன்கள்தான், திருடர்களுக்கும் அது தெரியும். அந்தச் செயலி ஃபோனில் அக்ஸசபிலிட்டி அனுமதி கேட்டால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். அந்த அனுமதி கிடைத்துவிட்டால் ஓடிபி உட்படத் திரையில் தெரிவதையெல்லாம் அதனால் படிக்க முடியும், உங்களுக்குப் பதிலாகப் பொத்தானைத் தட்டவும் முடியும்.

கணினியில் வேறு வகை. பிரவுசரில் சேமித்த கடவுச்சொற்களையும் குக்கீகளையும் அள்ளிக்கொண்டு போகும் திருட்டு நிரல்கள் சீட், கிராக் என்ற பெயரில் சுற்றுகின்றன. குக்கீ போய்விட்டால் இரண்டு படிச் சரிபார்ப்பு இருந்தும் பெரிய பயனில்லை, ஏனென்றால் நீங்கள் ஏற்கெனவே உள்ளே நுழைந்துவிட்டீர்கள் என்பதற்கான நுழைவு அனுமதியே அந்தக் குக்கீதான், அதை வைத்திருப்பவரிடம் தளம் மறுபடி எதையும் கேட்காது. அதிகாரபூர்வ கடையில் இருக்கிறது என்பதற்காகவும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. 2025 பிப்ரவரியில் பைரேட்ஃபை என்ற இலவச கேமில் தீநிரல் இருந்தது தெரிந்து ஸ்டீம் என்ற கேம் கடை அதை நீக்கியது, ஆடியவர்களுக்கு எச்சரிக்கையும் அனுப்பியது.

ஆகவே வேறெதையும் நிறுவுவதற்கு முன்னால் பிட்வார்டனோ கீபாஸோ ஒரு கடவுச்சொல் பெட்டகம் வைத்துக்கொள்ளுங்கள், ஒவ்வொரு கணக்குக்கும் தனிக் கடவுச்சொல், ஸ்டீம் கார்ட் போன்ற இரண்டாம் படிச் சரிபார்ப்பை ஆன் செய்யுங்கள். மின்னஞ்சல் கணக்குக்கு இதை முதலில் செய்யுங்கள், மற்ற எல்லாக் கணக்கின் சாவியும் அங்கேதான் இருக்கிறது. பரிசோதனைகளுக்கு விண்டோஸில் தனியாக ஒரு பயனர் கணக்கு திறந்து, அதில் வங்கி, மின்னஞ்சல் எதிலும் லாகின் செய்யாமல் வைத்திருங்கள். இதற்கு ஒரு மாலை நேரம் போதும்.

தேவையானவை

பெரிய கணினி தேவையில்லை, 8 ஜிபி ரேம் உள்ள சாதாரண லேப்டாப்பே தாராளம். ஓடும் நிரலின் நினைவகத்தில் எண்களைத் தேடி மாற்றும் ஒரு கருவி வேண்டும்: விண்டோஸில் சீட் எஞ்சின், லினக்ஸில் கேம் கான்கரர், இரண்டும் இலவசம். சீட் எஞ்சினை அதன் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். நிறுவும்போது இடையில் வேறு மென்பொருள்களையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லிக் கேட்கலாம், ஒவ்வொரு திரையையும் படித்து மறுத்துக்கொண்டே போங்கள், ‘நெக்ஸ்ட், நெக்ஸ்ட்’ என்று தட்டாதீர்கள்.

ஆன்டிவைரஸ் கத்தும். இன்னொரு நிரலின் நினைவகத்தைத் திறந்து படிப்பதும் எழுதுவதும்தான் சீட் எஞ்சினின் வேலை, தீநிரல்கள் பலவும் அதையேதான் செய்கின்றன. அதற்காக ஆன்டிவைரஸை மொத்தமாக அணைக்காதீர்கள், அந்த ஒரு ஃபோல்டருக்கு மட்டும் விலக்கு கொடுங்கள். அதற்கும் மனம் ஒப்பவில்லை என்றால் கணினிக்குள்ளே இன்னொரு கணினியை ஓட்டும் வர்ச்சுவல் பாக்ஸுக்குள் ஒரு விண்டோஸைப் போட்டு எல்லாவற்றையும் அங்கே வைத்துக்கொள்ளலாம்.

ஒரு கண்டிப்பான விதி: சீட் எஞ்சின் திறந்திருக்கும்போது எந்த ஆன்லைன் கேமையும் திறக்காதீர்கள். ஏமாற்றுகிறவர்களைப் பிடிக்கும் ஸ்டீமின் விஏசி அமைப்பு போடும் தடை நிரந்தரமானது, ‘சும்மா பழகிப் பார்த்தேன்’ என்று எழுதிக் கேட்டாலும் எடுக்க மாட்டார்கள்.

முதல் வேட்டை

சீட் எஞ்சினோடு கூடவே ஒரு பயிற்சி நிரல் வரும். நேரடியாக கேமுக்குப் போகாமல் அதில் தொடங்குங்கள். இரண்டாவது படியில் உங்களுக்கு உயிர் 100 என்று காட்டி, அடித்தால் குறையும்படி ஒரு பொத்தான் வைத்திருப்பார்கள். 100 என்று தேடினால் அந்த எண் எங்கெங்கெல்லாம் இருக்கிறதோ அத்தனை நினைவக முகவரிகளும் பட்டியலில் வரும். பொத்தானை ஒருமுறை அழுத்துங்கள், உயிர் குறையும், புதிய எண்ணைப் போட்டு ‘அடுத்த தேடல்’ கொடுங்கள், முதலில் 100 ஆக இருந்து இப்போது இந்தப் புதிய எண்ணாக மாறியவை மட்டும் மிஞ்சும். கடைசியில் ஒரே ஒரு முகவரி நிற்கும்போது அதை 1000 என்று மாற்றினால் அடுத்த படி திறக்கும்.

மூன்றாவது படியில் எண்ணே காட்ட மாட்டார்கள், வெறும் பட்டை மட்டும்தான். அங்கே ‘மதிப்பு தெரியாது’ என்று தொடங்கி, அடி வாங்கிய பிறகு ‘குறைந்தது’ என்று வடிகட்டிக்கொண்டே போக வேண்டும். நான்காவது படியில் தசம எண்கள் வரும். பல கேம்களில் உயிர் 87.5 என்பது போல உள்ளே இருக்கும், திரையில் முழு எண்ணாகக் காட்டுவார்கள், நாம் முழு எண்ணைத் தேடிக்கொண்டே இருந்தால் ஒருநாளும் கிடைக்காது. ‘தேடினேன், வரவில்லை’ என்று புலம்புகிறவர்களில் பெரும்பாலானோருக்கு இதுதான் சிக்கல், எனவே இந்த நான்கு படிகளையும் அவசரப்படாமல் முடியுங்கள்.

அப்புறம் அசால்ட் க்யூப் என்ற துப்பாக்கிச் சூட்டு கேமை இறக்குங்கள். இலவசம், சிறியது, மூலநிரலும் வெளியில் கிடைக்கிறது, ஆளில்லாமல் கணினி எதிரிகளோடு மட்டும் ஆடலாம், அதனால் கேம் ஹேக்கிங் பழகுகிறவர்கள் பல வருடங்களாக இதையே பயன்படுத்துகிறார்கள். ஜன்னல் அளவில் ஓடவிட்டு, துப்பாக்கியில் 20 தோட்டா இருக்கும்போது சீட் எஞ்சினில் அந்த நிரலைத் தேர்ந்தெடுத்து, எண்ணின் அளவை நான்கு பைட் என்று வைத்து 20 தேடுங்கள். கேமில் 20 என்பது எத்தனையோ இடத்தில் இருக்கும், பட்டியல் நீண்டு போகும், பயப்பட வேண்டாம். மூன்று முறை சுடுங்கள், 17 தேடுங்கள். இன்னும் இரண்டு, 15. நான்கைந்து சுற்றில் விரல்விட்டு எண்ணும் அளவுக்கு வந்துவிடும். ஒவ்வொன்றாக 99 என்று மாற்றிப் பார்த்து, எதை மாற்றும்போது திரையும் மாறுகிறதோ அதைப் பிடியுங்கள். சில முகவரிகள் திரையில் காட்டுவதற்கான நகலாக இருக்கும், மாற்றினாலும் அடுத்த நொடியே பழைய எண்ணுக்குத் திரும்பிவிடும். எது அசல், எது நகல் என்று பிரிக்கும் இந்த வேலையைத்தான் நான் இங்கே முக்கியமாகச் சொல்வேன், பின்னால் வலைத்தளங்களைச் சோதிக்கும்போதும் இதையேதான் செய்யப் போகிறீர்கள்.

இப்போது கேமை மூடிவிட்டு மறுபடி திறங்கள். நீங்கள் குறித்துவைத்த முகவரியில் வேறு ஏதோ இருக்கும். ஒவ்வொரு முறையும் இயங்குதளம் நினைவகத்தை வேறு இடத்தில் ஒதுக்குகிறது. முகவரியை வேண்டுமென்றே இடம் மாற்றிவைப்பதே ஒரு பாதுகாப்பு முறையும்கூட, ஏஎஸ்எல்ஆர் என்று சொல்வார்கள், தாக்குகிறவருக்கு ‘இன்ன இடத்தில் இது இருக்கும்’ என்ற உறுதி கிடைக்கக்கூடாது என்பதற்காக. அந்த முகவரியைச் சுட்டிக்கொண்டிருக்கும் இன்னொரு முகவரி, அதாவது பாயின்ட்டர், அதைத் தேடிப் பிடிப்பது பயிற்சியின் ஆறாவது படியில் வருகிறது. இங்கே கொஞ்சம் தலை சுற்றும். ஒரு வாரம் எடுத்துக்கொண்டாலும் தவறில்லை, இதைத் தாண்டியவர்களுக்குச் சி மொழியில் பாயின்ட்டர் பாடம் வெல்லமாக இருக்கும்.

சேவ் கோப்பைத் திறந்து பாருங்கள்

நினைவகம் போதும், இப்போது வட்டுக்கு வருவோம். கோப்பை பைட் பைட்டாகக் காட்டும் ஹெக்ஸ் எடிட்டர் ஒன்றை, ஹெச்எக்ஸ்டி போன்றதை, நிறுவுங்கள். தனியாக ஆடும் பழைய ரோல் பிளேயிங் கேம் ஒன்றின் சேவ் கோப்பை நகலெடுத்துவைத்துக்கொண்டு (நகல் இல்லாமல் தொடவே தொடாதீர்கள்) அதில் தங்கத்தின் அளவைத் தேடுங்கள். உதாரணத்துக்குக் கையில் 1300 தங்கம் இருக்கிறது என்று வையுங்கள். கோப்பில் 1300 என்று எழுதியிருக்காது, 14 05 00 00 என்று இருக்கும். ஹெக்ஸ் என்பது பத்துக்குப் பதிலாகப் பதினாறு பதினாறாக எண்ணும் முறை, அதில் 14 என்றால் பதினாறும் நான்கும் சேர்ந்து 20. அடுத்த இடத்திலுள்ள 05 என்பது ஐந்து 256, அதாவது 1280. இரண்டையும் கூட்டினால் 1300. சிறிய இலக்கம் முதலில், பெரியது பின்னால், நம் வீட்டுக் கணினிகள் எண்ணை அப்படித்தான் அடுக்குகின்றன. 05-ஐ 50 என்று மாற்றி, சேமித்து, கேமில் ஏற்றிப் பாருங்கள், 20,500 தங்கம் இருக்கும். சில கேம்களில் ‘சேவ் கெட்டுப்போய்விட்டது’ என்று மறுத்துவிடும். அது தோல்வி இல்லை, அங்கே செக்சம் என்ற கூட்டுத்தொகை ஒன்றை வைத்துச் சரிபார்க்கிறார்கள் என்பதைக் கண்டுபிடித்துவிட்டீர்கள்.

ஒரு பைட்டில் 0 முதல் 255 வரைதான் அடங்கும் என்பதும் இங்கே கைப்பழக்கமாகிவிடும். 1980-இல் வந்த பேக்மேனில் லெவல் எண்ணை ஒரே பைட்டில் வைத்திருந்தார்கள். 256-வது லெவலில் பழங்களை வரையும் இடத்தில் அந்த எண் சுற்றிவந்து பூஜ்யமாகிவிட, திரையின் வலது பாதி முழுக்கக் கண்டபடி எழுத்துகளாக மாறிப்போகும். அதற்கு மேல் ஆட முடியாது.

சேவ் கோப்பு எவ்வளவு ஆபத்தான பொருள் என்பதற்கு நின்டெண்டோவின் வீ என்ற கேம் கருவியில் வந்த செல்டா ட்விலைட் பிரின்சஸ் நல்ல உதாரணம். அந்தக் கேமில் குதிரைக்கு நாம் பெயர் வைக்கலாம். கேமுக்குள்ளே தட்டச்சு செய்யும்போது இத்தனை எழுத்துதான் என்று கட்டுப்பாடு உண்டு. ஆனால் சேவ் கோப்பிலிருந்து படிக்கும்போது அந்த நீளத்தைச் சரிபார்க்கவில்லை, தான் எழுதிய கோப்புதானே என்ற நம்பிக்கை. 2008-இல் ஆர்வலர் குழு ஒன்று மிக நீளமான குதிரைப் பெயரோடு ஒரு சேவ் கோப்பைத் தயாரித்தது. பெயருக்கு ஒதுக்கிய இடம் போதாமல் வழிந்து பக்கத்து நினைவகத்தில் போய் எழுத, அந்த வழிசலுக்குள் ஒளித்துவைத்திருந்த நிரல் ஓடத் தொடங்கியது. நின்டெண்டோ அனுமதிக்காத மென்பொருள்களை அந்தக் கருவியில் ஓட்டும் கதவு அப்படித்தான் திறந்தது. பஃபர் ஓவர்ஃப்ளோ என்று பாடப்புத்தகத்தில் வருவது இதுதான்.

ஆன்லைனில் ஏன் பலிக்காது

இவ்வளவும் தெரிந்த பிறகு ஆன்லைன் கேமிலும் தங்கத்தை மாற்றலாமே என்று தோன்றும். செய்யாதீர்கள் என்பதோடு, செய்தாலும் ஏன் நடக்காது என்பதையும் புரிந்துகொள்ளுங்கள். ஒழுங்காக எழுதிய ஆன்லைன் கேமில் தங்கத்தின் அசல் கணக்கு சர்வரில் இருக்கிறது, உங்கள் திரையில் இருப்பது நகல். நகலை ஒரு கோடியாக்கிக்கொள்ளலாம், வாள் வாங்கப் போனால் சர்வர் தன்னுடைய ஏட்டைத்தான் பார்க்கும். ஆனால் உங்கள் பாத்திரத்தை எந்தப் பக்கம் நகர்த்துகிறீர்கள், அது எந்தப் பக்கம் குறிபார்க்கிறது என்பதையெல்லாம் உங்கள் கணினி சொல்லித்தான் சர்வருக்குத் தெரியும், தாமதம் இல்லாமல் ஆட வேண்டும் என்பதால் அதை ஓரளவுக்கு நம்பியே ஆக வேண்டும். தானாகக் குறிவைப்பது போன்ற ஏமாற்று வேலைகள் அந்த இடைவெளியில்தான் பிழைக்கின்றன.

இதே கேள்வியை ஒரு கடைத் தளத்தில் கேட்டுப் பாருங்கள். பொருளின் விலையைப் பிரவுசர் அனுப்புகிறதா, சர்வர் தன் பட்டியலிலிருந்து எடுக்கிறதா? பிரவுசர் அனுப்புவதை அப்படியே நம்பினால் யார் வேண்டுமானாலும் ஒரு ரூபாய்க்கு ஃபோன் வாங்கலாம்.

இதையெல்லாம் ஒரு நிஜ ஆன்லைன் கேமில் தொட்டுப் பார்க்க ஆசை இருந்தால், வேண்டுமென்றே ஓட்டைகளோடு செய்த ஒரு கேம் இருக்கிறது, பவ்ன் அட்வென்ச்சர் 3. பாதுகாப்புப் போட்டி ஒன்றுக்காக 2015-இல் செய்தார்கள். சர்வரையும் உங்கள் கணினியிலேயே ஓட்டிக்கொள்ளலாம், கேமுக்கும் சர்வருக்கும் நடுவில் போகும் தகவல் பொட்டலங்களை வயர்ஷார்க் என்ற கருவியில் பிடித்துப் படிக்கலாம், வேறொரு கருவியால் மாற்றி அனுப்பலாம், யாருக்கும் பாதிப்பில்லை.

கருப்புத் திரைக்குப் பழகுங்கள்

இனி கேம் போலவே அமைந்த பாதுகாப்புப் பயிற்சிகளுக்குப் போகலாம். ஓவர் தி வயர் என்ற தளத்தில் பாண்டிட் என்று ஒன்று இருக்கிறது, முழுக்க இலவசம். தொலைவிலுள்ள கணினிக்குள் கட்டளைகள் வழியாக நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் மூலம், அவர்களின் சர்வருக்குள் 2220 என்ற போர்ட்டில் (நுழைவாயில் எண்) நுழைய வேண்டும், பயனர் பெயரும் கடவுச்சொல்லும் இரண்டுமே முதல் பக்கத்தில் இருக்கும். ஒவ்வொரு லெவலிலும் அடுத்த லெவலுக்கான கடவுச்சொல் எங்கோ ஒளிந்திருக்கும். முதலாவது லேசு, ‘ரீட்மீ’ என்ற கோப்பைத் திறந்தால் போதும். அடுத்ததில் கோப்பின் பெயரே வெறும் ஒரு சிறு கோடு. கோப்பில் இருப்பதைத் திரையில் காட்டும் ‘கேட்’ கட்டளைக்கு அந்தக் கோட்டைக் கொடுத்தால் அது கோப்புப் பெயர் என்று எடுத்துக்கொள்ளாது, விசைப்பலகையிலிருந்து வருவதைப் படி என்ற உத்தரவாக எடுத்துக்கொண்டு சும்மா காத்திருக்கும். வழியை இங்கே சொல்லப் போவதில்லை, நீங்களே உட்கார்ந்து கண்டுபிடியுங்கள். ஆனால் நடந்ததைக் கவனியுங்கள்: வெறும் பெயராகக் கொடுத்ததை நிரல் உத்தரவாகப் படித்துவிட்டது.

2021 டிசம்பரில் உலகத்தையே பதறவைத்த லாக்4ஷெல் ஓட்டையும் இதே இனம்தான். லாக்4ஜே என்பது நடந்ததைப் பதிவு செய்துவைக்கும் ஜாவா நூலகம், எண்ணற்ற நிறுவனங்களின் மென்பொருள்களில் இருந்தது. பதிவு செய்யும் வாசகத்துக்குள் ஒரு குறிப்பிட்ட வடிவம் இருந்தால் அதை வாசகமாக விடாமல் உத்தரவாக எடுத்து, வெளியே இருக்கும் சர்வரைத் தொடர்புகொண்டு அங்கிருந்து நிரலை இறக்கி ஓட்டிவிடும். மைன்கிராஃப்ட் ஜாவா பதிப்பில் சாட்டில் ஒரு வரி தட்டினாலே போதுமாக இருந்தது, சர்வர் அந்த வரியைப் பதிவு செய்யும்போதே விழுந்துவிடும். பாண்டிட்டின் அந்தச் சிறு கோட்டைப் புரிந்துகொண்டவருக்கு இது முழுக்கப் புதிய விஷயமாகத் தோன்றாது.

பாண்டிட்டில் பாதி தாண்டியதும் பிகோ சிடிஎஃப் என்ற பாதுகாப்புப் புதிர்ப் போட்டியின் பக்கம் போங்கள், கார்னகி மெலன் பல்கலைக்கழகம் பள்ளி மாணவர்களை மனதில் வைத்து நடத்துவது, பழைய ஆண்டுகளின் புதிர்களும் பயிற்சிக்குக் கிடைக்கும். கேம் நிரல்களைப் பிரித்துப் படிக்கும் ஆசை தொடர்ந்தால் கிட்ராவை இறக்கிக்கொள்ளலாம், அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு முகமை 2019-இல் இலவசமாக வெளியிட்ட கருவி. அசால்ட் க்யூபை அதில் போட்டு, தோட்டாவைக் கழிக்கும் அந்த ஒரு வரியைத் தேடிப் பாருங்கள். மூலநிரல் கையில் இருப்பதால் சரியா தவறா என்று நீங்களே ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

எல்லை

உங்கள் கணினி, உங்கள் கேம், பயிற்சிக்கென்றே திறந்துவிட்ட சர்வர், இந்த மூன்றுக்கு வெளியே எழுத்துமூலம் அனுமதி இல்லாமல் கை வைக்காதீர்கள். இந்தியாவில் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 43, 66 பிரிவுகளின்படி அனுமதியின்றி இன்னொருவர் கணினிக்குள் நேர்மையின்றியோ மோசடியாகவோ நுழைவதற்கு மூன்று ஆண்டு வரை சிறையோ ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ உண்டு. இலங்கையில் 2007-ஆம் ஆண்டின் கணினிக் குற்றச் சட்டம் இருக்கிறது, மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் தனித்தனிச் சட்டங்கள். ‘நல்லெண்ணத்தில்தான் பார்த்தேன்’ என்பது உங்களைக் காப்பாற்றும் என்று நம்பி இறங்காதீர்கள்.

மிராய் என்ற பெயர் கேள்விப்பட்டிருக்கலாம். 2016-இல் வீட்டு கேமராக்களையும் ரூட்டர்களையும் லட்சக்கணக்கில் பிடித்துவைத்து, பெரிய தளங்களையே முடக்கிய தீநிரல். அதை எழுதியவர்கள் மூன்று அமெரிக்க இளைஞர்கள், மைன்கிராஃப்ட் சர்வர் தொழிலில் ஒருவரையொருவர் கவிழ்க்கும் போட்டியில் வளர்ந்த திறமை அது. அந்தக் கருவிகளுக்குள் நுழைய அவர்களுக்குப் பெரிய மந்திரம் எதுவும் தேவைப்படவில்லை, தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொல்லை யாரும் மாற்றாமல் விட்டிருந்தார்கள், அவ்வளவுதான். 2017-இல் மூவரும் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். உங்கள் வீட்டு ரூட்டரின் கடவுச்சொல்லை இன்றே மாற்றுங்கள்.

எதையாவது கண்டுபிடித்தால்

2021 தொடக்கத்தில் ஜிடிஏ ஆன்லைன் ஆடும் ஒருவர், கேம் திறக்க ஆறு நிமிடம் ஆகிறதே என்று எரிச்சலாகி, அந்த நேரத்தில் நிரல் என்னதான் செய்கிறது என்று அளந்து பார்த்தார். கடைப் பொருள்களின் பட்டியல், 10 எம்பி அளவுள்ள ஒரு உரைக் கோப்பு, அதில் சுமார் 63,000 பொருள்கள். ஒவ்வொரு துண்டைப் படிக்கும்போதும் மீதமுள்ள கோப்பின் நீளத்தை முதலிலிருந்து எண்ணிக்கொண்டிருந்தது அந்த நிரல், போதாக்குறைக்கு, பட்டியலில் ஏற்கெனவே இருக்கிறதா என்று ஒவ்வொரு பொருளையும் மற்ற எல்லாவற்றோடும் ஒப்பிட்டது. மூலநிரல் கையில் இல்லாமலே இரண்டையும் திருத்திக் காட்டினார், நேரம் இரண்டு நிமிடத்துக்கும் கீழே வந்தது. கேமை உருவாக்கிய ராக்ஸ்டார் அதை ஏற்றுக்கொண்டு கேமைத் திருத்தி 10,000 டாலர் பரிசும் கொடுத்தது.

அவரிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது வேலையைக் காட்டிய முறைதான். எந்தக் கணினியில் அளந்தார், எந்த இடத்தில் நேரம் போகிறது, எதை மாற்றினால் எவ்வளவு குறைகிறது, எல்லாவற்றையும் இன்னொருவர் அப்படியே செய்து பார்க்கும்படி எழுதியிருந்தார். நீங்களும் இன்றிலிருந்தே ஒரு நோட்டுப் புத்தகமோ உரைக் கோப்போ வைத்துக்கொண்டு, தேடிய எண், கிடைத்த முகவரி, செய்த மாற்றம், நடந்தது என்று எழுதிப் பழகுங்கள். பாதுகாப்பு ஓட்டையாக இருந்தால் ஒரு படி கூடுதல் கவனம்: யூடியூபில் போடுவதற்கு முன் அந்த நிறுவனத்துக்கு எழுதுங்கள். பரிசுத் திட்டம் வைத்திருக்கிறார்களா, எதையெல்லாம் சோதிக்க அனுமதிக்கிறார்கள் என்பதைத் தொடங்கும் முன்பே படித்துவிடுங்கள். நிறுவனத்திடமிருந்து பதிலே வரவில்லை என்றால் இந்தியாவில் கணினிப் பாதுகாப்புச் சம்பவங்களைக் கவனிக்கும் அரசின் செர்ட்-இன் அமைப்புக்குத் தெரிவிக்கலாம். கடிதத்தில் தலைப்பு, பதிப்பு எண், படிப்படியாகச் செய்முறை, இதனால் யாருக்கு என்ன பாதிப்பு, இவை போதும். நிரூபிப்பதற்கு உங்கள் சொந்தக் கணக்குகள் இரண்டை வைத்துச் செய்து காட்டுங்கள், அடுத்தவர் கணக்கின் தகவல் ஒரு வரிகூட அந்த ஸ்கிரீன்ஷாட்டில் இருக்கக்கூடாது.